நீர்ப்பாயம் நீங்கிய வளர்ப்பூடகம்: ஒரு வரலாற்று நோக்கு

உயிர்கள் யாவும் உணவால் நிலைபெறுகின்றன. ஆயினும், உண்ணும் பொருளில் எது தம்மை வாழ்விக்கின்றது என்பதை அறிந்து உண்ணுதல் அரிது. தவிடு நீங்கத் தீட்டிய அரிசியை உண்டு மக்கள் நோயுற்ற பின்னரே, நீக்கப்பட்ட தவிட்டில் இருந்தது யாது என்ற வினா எழுந்தது. அவ்வினாவே விற்றமின்களைப் பற்றிய அறிவுக்கு ஒரு வாயிலாயிற்று. விலங்குடலினின்று பிரித்த கலங்களை ஆய்வுகூடத்திலே வளர்க்க முற்பட்ட அறிஞர்க்கும் இவ்வாறே நேர்ந்தது. எதனை ஊட்டினால் கலங்கள் வளரும் என்பதை அவர்கள் விரைவிற் கண்டனர். அவ்வூட்டத்தில் எது வளர்க்கின்றது என்பதை அறிய ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

அவ்வூட்டம் குருதியினின்று பெறப்பட்டது. குருதி உறைந்து கட்டியானபின் அதனின்று பிரிந்து தெளிந்து நிற்கும் இளமஞ்சள் நீரை நீர்ப்பாயம் என்பர். சீரம் என வழங்குவதும் இதுவே. கலங்கள் வாழ்ந்து பெருகுதற்பொருட்டு ஆக்கப்படும் ஊட்டக் கரைசல் வளர்ப்பூடகம் எனப்படும். நெடுங்காலமாக வளர்ப்பூடகத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்களவு நீர்ப்பாயம் சேர்த்தல் ஆய்வுகூடங்களின் பொதுவழக்காயிருந்தது. அதனை நீக்கி, பெயரும் அளவும் தெரிந்த பொருள்களைக் கொண்டே கலங்களை வளர்க்க முயன்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

இவ்வரலாறு இன்று ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் பொருளுடையதாயிற்று. விலங்கைக் கொல்லாது அதன் கலங்களைப் பெருக்கி இறைச்சி ஆக்கலாம் என்போர் பல நாடுகளிலும் தோன்றியுள்ளனர். அவ்வாறு ஆக்கிய முதல் இறைச்சிகள் கொல்லப்பட்ட பசுவின் வயிற்றிலிருந்த கன்றின் குருதியால் வளர்க்கப்பட்டவை. ஆதலின், கொலையின்றி ஊன் பெறலாம் என்னும் கூற்று மெய்யா பொய்யா என்பதை வளர்ப்பூடகமே தீர்மானிக்கின்றது.

உப்புநீரும் நிணநீரும்

இத்துறையின் தொடக்கத்திலேயே, அறியாது சேர்ந்த பொருளொன்று ஆய்வாளரை மயக்கிய கதை ஒன்றுண்டு. இலண்டன் மருத்துவர் சிட்னி றிங்கர் 1882ஆம் ஆண்டிலே தவளையின் இதயத்தை உடலினின்று பிரித்து, உப்புக் கரைசலிலே நெடுநேரம் துடிக்கச் செய்தார். அக்கரைசல் வடித்த நீரில் ஆக்கப்பட்டதென்றே அவர் கருதியிருந்தார். உண்மையிலோ, அது நகரத்துக் குழாய்நீரில் ஆக்கப்பட்டிருந்தது. வடித்த நீரிலே மீண்டும் ஆக்கியபோது இதயம் விரைவில் ஓய்ந்தது. குழாய்நீரிற் கலந்திருந்த கல்சியமே இவ்வேறுபாட்டுக்குக் காரணமென 1883இல் அவர் தம் முடிவைத் திருத்தி வெளியிட்டார். இன்றும் அவர் பெயரால் வழங்கும் கரைசல் இப்பிழையினின்றே பிறந்தது.

1885இலே யேர்மானிய அறிஞர் வில்கெல்ம் றூ என்பார் கோழி முளையத்தின் நரம்புத் தட்டைப் பிரித்தெடுத்து, இளஞ்சூடான உப்புக் கரைசலிலே சில நாள் உயிரோடு வைத்திருந்தார். உப்புநீர் உயிரைத் தாங்கியதேயன்றி வளர்ச்சியைத் தரவில்லை. வளர்ச்சியைக் கண்டவர் அமெரிக்க அறிஞர் றொஸ் ஹரிசன். நரம்பு நார் எவ்வாறு தோன்றுகின்றது என்பது பற்றி அக்காலத்தில் அறிஞரிடையே பெருவாதம் நிகழ்ந்தது. இதனைத் தீர்க்க விரும்பிய ஹரிசன், தவளை முளையத்தின் நரம்பிழையத்தை உறைந்த தவளை நிணநீர்த் துளியிலே பதித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். கலத்தினின்று நார் நீண்டு வளர்தலை அவர் கண்ணாரக் கண்டார். 1907இல் வெளிவந்த இவ்வாய்வே இழைய வளர்ப்பின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அங்கே ஊட்டமாய் நின்றது விலங்குடலின் நீரே. அதனுள் யாது உண்டென்று வினவும் தேவை ஹரிசனுக்கு எழவில்லை.

கரெலின் கோழியிதயம்

நியூயோர்க்கு நகரின் றொக்பெல்லர் ஆய்வு நிலையத்திலிருந்த அலெக்சிஸ் கரெல், இக்கலையை நிணநீரினின்று குருதிக்கு மாற்றினார். மொன்றோஸ் பறோஸ் என்னும் இளம் அறிஞரோடு சேர்ந்து 1910ஆம் ஆண்டளவில், உறைந்த குருதித் திரவவிழையத்திலே வெப்பக் குருதியுள்ள விலங்குகளின் இழையங்களை அவர் வளர்த்தார். கோழி முளையத்தை நசுக்கிப் பிழிந்த சாற்றைச் சேர்த்தால் வளர்ச்சி பன்மடங்காகும் என்பதும் பின்னர் அறியப்பட்டது.

1912ஆம் ஆண்டு தை மாதம் 17ஆந் திகதி கோழி முளையத்தின் இதயத்தினின்று எடுத்த இழையத் துண்டொன்றைக் கரெல் வளர்க்கத் தொடங்கினார். அவர் உடனுழைத்த அல்பேட் எபெலிங் அதன் வழிவந்த கலங்களை 1946ஆம் ஆண்டு வரை, முப்பத்துநான்கு ஆண்டுகள், பேணி வந்தார். கரெல் 1944இலேயே மறைந்தார். தம்மை வளர்த்தவருக்குப் பின்னும் கலங்கள் வாழ்ந்தன என்ற செய்தி உலகெங்கும் பரவியது. உடலைவிட்டுப் பிரிந்த கலத்துக்கு இறப்பில்லை என்பது அக்காலத்துப் பாடநூற் கொள்கையாயிற்று.

பிலடெல்பியா நகரிலே லெனாட் ஹேபிளிக், போல் மூர்ஹெட் என்னும் இருவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு இக்கொள்கையைத் தகர்த்தது. மனித முளையத்தினின்று எடுத்த இயல்பான கலங்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் பிரிவதை நிறுத்திவிடுகின்றன என அவர்கள் காட்டினர். அவ்வாறாயின் கரெலின் கலங்கள் முப்பத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தது எங்ஙனம்? அடிக்கடி ஊட்டப்பட்ட முளையச் சாற்றோடு புதிய உயிர்க்கலங்களும் அறியாமலே வளர்ப்பினுட் புகுந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. இக்கருத்து முற்றாக நிறுவப்படாதிருப்பினும் ஒன்று தெளிவு. ஊட்டத்தின் உள்ளடக்கம் தெரிந்திருந்தால் இவ்வையத்துக்கே இடமிருந்திராது.

பெயர் தெரிந்த பொருள்கள்

ஊட்டத்தின் உள்ளடக்கத்தை அறிய முயன்றோர் அக்காலத்தும் உளர். டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரிலே அல்பேட் பிசர், திரவவிழையத்தை நுண்துளைச் சவ்வினூடாகப் பிரித்து, அதிலுள்ள சிறு மூலக்கூறுகளை நீக்கிப் பார்த்தார். எஞ்சிய பெரும் புரதங்கள் மட்டும் கலங்களை வளர்க்கவில்லை. அமினோ அமிலங்கள் முதலிய சிறு பொருள்களும் இன்றியமையாதவை என்பது 1940களில் இவ்வாறு வெளிப்பட்டது.

கனடா நாட்டின் ரொறன்ரோ நகரிலே கொனோட் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மோகன், மோட்டன், பாக்கர் ஆகிய மூவரும் 1950இல் 'ஊடகம் 199' என்பதனை வெளியிட்டனர். அமினோ அமிலங்கள், விற்றமின்கள், உப்புக்கள் முதலாக அறுபதுக்கு மேற்பட்ட பொருள்கள் அதில் இருந்தன. இதன் பயன் விரைவிலே நாடறியப் புலப்பட்டது. ஜோனாஸ் சோக்கின் போலியோத் தடுப்பு மருந்துக்கு வேண்டிய வைரசைக் குரங்கின் சிறுநீரகக் கலங்களிலே பெருக்க வேண்டியிருந்தது. நீர்ப்பாயம் கலந்த ஊடகத்திலே பெருக்கினால், வேற்று விலங்கின் புரதம் மருந்தோடு குழந்தைகளின் உடலிற் சேரும். அது கேடு விளைக்கலாம். புரதமற்ற ஊடகம் 199 அவ்விடரை நீக்கியது. 1954ஆம் ஆண்டுப் பெருஞ்சோதனைக்கு வேண்டிய வைரசு நீர்மம் பெருமளவில் ரொறன்ரோவிலேயே ஆக்கப்பட்டது. ஆயினும் இங்கே ஒரு வரையறையுண்டு. வைரசு பெருகும் சில நாள் வரை கலங்களை உயிரோடு வைத்திருக்க அவ்வூடகம் போதியதாயிற்று. கலங்களை மேன்மேலும் பெருகச் செய்ய அது போதவில்லை.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களிலே பணியாற்றிய ஹரி ஈகிள், மற்றொரு வழியை மேற்கொண்டார். 199இன் ஆசிரியர்கள் பயன்படக்கூடும் என்று தோன்றியவற்றையெல்லாம் சேர்த்தனர். ஈகிளோ ஒவ்வொரு பொருளாக நீக்கி, எதனை நீக்கினால் கலம் மடிகின்றது என நோக்கினார். எலியின் கலங்களையும், 1951இல் போல்ரிமோர் நகரிலே ஹென்றியெற்றா லக்ஸ் என்னும் பெண்மணியின் புற்றுக் கட்டியிலிருந்து அவருடைய இசைவைப் பெறாமலே எடுக்கப்பட்டு ஹீலா எனப் பெயர்பெற்ற கலங்களையும் அவர் ஆய்வுக்குக் கொண்டார். 1955இலும் 1959இலும் அவர் வெளியிட்ட ஊடகங்கள் இத்துறையின் அடிப்படையாயின. 1959ஆம் ஆண்டின் ஊடகத்திலே 13 அமினோ அமிலங்கள், 8 விற்றமின்கள், குளுக்கோசு, சில உப்புக்கள் என்பனவே இருந்தன. எனினும், அதனோடு சிறிதளவு நீர்ப்பாயமும் சேர்க்கவேண்டும் என்பதை ஈகிள் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் நீக்கிப் பார்த்த அவருக்கு அந்த ஒன்றை மட்டும் நீக்க இயலவில்லை.

நீர்ப்பாயமும் புரதமுமின்றிக் கலங்களைப் பெருகச் செய்த வெற்றியும் அக்காலத்திலேயே கிட்டியது. தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த வெர்ஜினியா எவன்ஸ் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 1956இல் வெளியிட்ட ஊடகத்திலே எலிக் கலங்கள் இடையறாது பெருகின. ஆனால் அக்கலங்கள் பல்லாண்டு கண்ணாடிக் குடுவையிலே வாழ்ந்து, தம் இயல்பு மாறியவை. உடலினின்று புதிதாய் எடுத்த இயல்பான கலங்கள் அவ்வூடகத்தில் அவ்வாறு பெருகவில்லை.

பிறவாத கன்றின் குருதி

இந்நிலையில் ஆய்வாளர் எளிய வழியையே பெரிதும் நாடினர். ஈகிளின் ஊடகத்தோடு பத்திலொரு பங்கு நீர்ப்பாயத்தைக் கலந்தால் பெரும்பாலான கலங்கள் வளர்ந்தன. 1950களின் பிற்பகுதி தொடக்கம், பிறவாத கன்றினின்று பெற்ற நீர்ப்பாயம் ஏனையவற்றிலும் சிறந்ததென அறியப்பட்டது. வயிற்றுக் கன்றின் குருதியில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் மிகுதி. கலங்களுக்கு ஊறு செய்யக்கூடிய பிறபொருளெதிரிகள் மிகக் குறைவு.

இது பெறப்படும் முறையைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. இறைச்சிக்காகக் கொல்லப்படும் பசு சினையாயிருப்பின், அதன் கருப்பை அகற்றப்பட்டு, உள்ளிருக்கும் கன்றின் இதயத்திலே ஊசி செலுத்திக் குருதி எடுக்கப்படுகின்றது. ஆதலின் இது இறைச்சித் தொழிலின் துணைவிளைபொருள். இறைச்சித் தொழில் குறைந்தால் இதுவும் குறையும். தேவை பெருகினாலும் இதனை வேண்டியவாறு பெருக்க இயலாது.

அறிவியல் நோக்கிலும் இதன் குறைகள் பல. நூற்றுக்கணக்கான புரதங்களும் எண்ணிறந்த பிற பொருள்களும் ஒவ்வொரு துளியிலும் உள்ளன. ஒரு தொகுதியிலுள்ள அளவுகள் மறு தொகுதியில் இரா. ஒரு நாட்டின் ஆய்வுகூடத்திலே கண்ட முடிவு மறு நாட்டிலே கிட்டாதபோது, குறை ஆய்வாளரிடத்ததா நீர்ப்பாயத்திடத்ததா என அறிதல் அரிது. மாட்டின் வைரசுக்கள் அதனுடன் புகுதலும் உண்டு. இத்தனை குறைகளையும் அறிந்திருந்தும் அறிஞர் அதனைக் கைவிடவில்லை. கலம் வளர்ந்தது, அதுவே போதுமென்றிருந்தனர்.

சாட்டோவின் வினா

இந்நிறைவை ஏற்காதவர் கோர்டன் சாட்டோ. 1927இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே யப்பானிய மரபிற் பிறந்தவர் இவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு தன் நாட்டில் வாழ்ந்த யப்பானிய மரபினரை முகாம்களில் அடைத்தபோது, இளைஞராயிருந்த சாட்டோவும் கலிபோர்ணியாவின் வறண்ட நிலத்திலிருந்த மன்சனார் முகாமில் வைக்கப்பட்டார். போருக்குப் பின் கற்று, 1955இலே கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், கொலராடோவிலே தியோடர் பக்கின் ஆய்வுகூடத்தில், தனிக்கலம் ஒன்று பெருகுதற்கு நீர்ப்பாயத்தின் எப்புரதங்கள் வேண்டும் என்ற ஆய்விலே பங்குகொண்டார்.

அதுகாறும் நீர்ப்பாயத்தை யாவரும் உணவென்றே கருதி, அதிலே மறைந்திருக்கும் ஊட்டப் பொருளைத் தேடினர். சாட்டோ வினாவையே மாற்றினார். உடலினுள் ஒரு கலம் பிரிவதும் பிரியாதிருப்பதும் உணவு கிடைப்பதனால் மட்டும் நிகழ்வதன்று. ஓமோன்கள் முதலியன கொண்டுவரும் கட்டளைகளுக்கு இணங்கியே அது பிரிகின்றது. அவ்வாறாயின் நீர்ப்பாயத்தின் முதன்மைப் பணி அக்கட்டளைகளைச் சுமந்து வருதலே எனல் வேண்டும். ஒவ்வொரு வகைக் கலத்துக்கும் உரிய ஓமோன்களை அறிந்து கொடுத்தால், நீர்ப்பாயம் வேண்டியதில்லை.

இக்கருத்துக்கு அரணான சான்றொன்று 1974இல் வேறொரு திசையினின்று வந்தது. சியாட்டில் நகரிலே றசல் றொஸ் என்பவரும் உடனுழைத்தோரும், குருதி உறைந்தபின் பெறும் நீர்ப்பாயம் தசைக் கலங்களைப் பெருகச் செய்கின்றது, உறையுமுன் குருதிக் கலங்களை நீக்கிப் பெற்ற நீர் அவ்வாறு செய்வதில்லை எனக் கண்டனர். உறையும்போது குருதிச் சிறுதட்டுக்கள் வெளிவிடும் பொருளே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். காயம் பட்ட இடத்திலே இழையத்தை மீளக் கட்டுதற்கு அப்பொருள் உதவுகின்றது. உடலிலுள்ள பெரும்பாலான கலங்கள் தம் வாழ்நாளில் நீர்ப்பாயத்தைக் காண்பதேயில்லை. அது காயத்துக்குரிய நீர். ஆய்வுகூடங்கள் அதனை அன்றாட உணவாக ஊட்டி வந்தன.

1976இலே இசுமி ஹயாசியும் சாட்டோவும் தம் முடிவை வெளியிட்டனர். எலியின் கபச்சுரப்பிக் கட்டியிலிருந்து பெற்ற கலங்களை, நீர்ப்பாயம் சிறிதுமின்றி, தைரொயிட்டு ஓமோன், பராதைரொயிட்டு ஓமோன், இரும்பைச் சுமக்கும் திரான்ஸ்பெரின் என்னும் புரதம் முதலியவற்றைச் சேர்த்து அவர்கள் பெருகச் செய்தனர். அதனைத் தொடர்ந்து சாட்டோவின் மாணவரும் பிறரும் பல்வேறு கலங்களுக்கு உரிய கலவைகளைக் கண்டனர். இன்சுலினும் திரான்ஸ்பெரினும் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாயின. ஏனையவை கலத்துக்குக் கலம் வேறுபட்டன. எல்லாக் கலங்களுக்கும் ஒரே ஊடகம் என்ற பழைய அவா இங்கே முடிவுற்றது.

இதே காலத்திலே றிச்சட் ஹாம் என்பார், கொலராடோ பல்கலைக்கழகத்திலே, அடிப்படைக் கரைசலின் அளவுகளை நுணுகித் திருத்தும் வழியில் உழைத்தார். செலனியம் என்னும் மூலகம் மிகச் சிறிய அளவிலே மனிதக் கலங்களுக்கு இன்றியமையாததென அவர் குழு 1976இல் கண்டது. அதுவரை நீர்ப்பாயத்தோடு அறியாமலே ஊட்டப்பட்டுவந்த பொருள் அது. இன்சுலின், திரான்ஸ்பெரின், செலனியம் ஆகிய மூன்றும் இன்றுவரை நீர்ப்பாயமற்ற ஊடகங்களின் முதற் பொருள்களாய் நிற்கின்றன.

அச்சம் அளித்த ஊக்கம்

அறிவு கிடைத்த பின்னும் வழக்கம் உடனே மாறவில்லை. மருந்துத் தொழிலை மாற்றியது அச்சம். 1986இலே பிரித்தானியப் பசுக்களிடத்து மூளையை அழிக்கும் புதிய நோயொன்று இனங்காணப்பட்டது. பித்துப் பசு நோய் எனப் பொதுமக்கள் வழங்கினர். அந்நோய் உணவின் வழி மனிதரையும் தாக்கக்கூடும் என 1996இலே தெரியவந்தபின், மாட்டினின்று பெறும் பொருளெதனையும் மருந்தாக்கத்திலே தவிர்க்கும் முயற்சி வலுத்தது. மருந்துப் புரதங்களை ஆக்கும் கலங்கள் படிப்படியாக நீர்ப்பாயமற்ற ஊடகங்களுக்குப் பழக்கப்பட்டன.

இங்கே சொற்களிடையே வேறுபாடொன்றைக் கருதல் வேண்டும். நீர்ப்பாயமற்றது என்பது விலங்குப் பொருளற்றது என்பதாகாது. தொடக்ககால நீர்ப்பாயமற்ற ஊடகங்களிற் சேர்க்கப்பட்ட இன்சுலினும் அல்புமினும் விலங்குகளினின்று பெறப்பட்டவையே. பரம்பரையலகு புகுத்தப்பட்ட நுண்ணுயிர்களைக் கொண்டு அப்புரதங்களை ஆக்கும் முறை வந்தபின்னரே விலங்கை முற்றாக விலக்குதல் இயல்வதாயிற்று.

மூலக்கல ஆய்வு இதனை மேலும் செம்மைப்படுத்தியது. விஸ்கொன்சின் மாநிலத்திலே ஜேம்ஸ் தோம்சனின் குழு 2011இல் வெளியிட்ட ஊடகம், அடிப்படைக் கரைசலையும் சேர்த்து எட்டே கூறுகளை உடையது. அல்புமின் இன்றியமையாதது என அதுகாறும் நம்பப்பட்டது. வழக்கமாகச் சேர்க்கப்பட்டு வந்த கந்தகச் சேர்வையொன்று கலங்களுக்குத் தீங்கு செய்தது என்பதையும், அத்தீங்கைத் தணிக்கவே அல்புமின் வேண்டியிருந்தது என்பதையும் இக்குழு கண்டது. சேர்வையை நீக்கவே அல்புமினும் வேண்டாததாயிற்று. நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் றிங்கரின் குழாய்நீர் தந்த பாடத்தின் மறுபக்கம் இது. அங்கே தெரியாமற் சேர்ந்தது உயிர் காத்தது. இங்கே தெரிந்தே சேர்த்தது ஊறு செய்தது.

இறைச்சியும் வளர்ப்பூடகமும்

கலங்களினின்று இறைச்சி ஆக்கும் எண்ணத்துக்கு வாழ்நாளெல்லாம் உழைத்தவர் வில்லெம் வான் ஈலன் என்னும் ஒல்லாந்தர். இரண்டாம் உலகப் போரிலே கிழக்கிந்தியத் தீவுகளில் யப்பானியரின் சிறை முகாமில் அடைபட்டு, கடும் பசியை அனுபவித்தவர் அவர். ஒரே போரின் இரு புறத்தில், இரு முகாம்களில் இளமையைக் கழித்த சாட்டோவும் வான் ஈலனும் ஒருவர் பணி மற்றவர் பணிக்குத் துணையாகுமென அன்று அறிந்திருக்க வழியில்லை. 1990களில் வான் ஈலன் தம் முறைக்குக் காப்புரிமை கோரினார்.

2002இலே நியூயோர்க்கில் பென்ஜமின்சன் என்பவரின் குழு, பொன்மீனின் தசைத் துண்டுகளை வளர்த்து வெளியிட்ட ஆய்விலே, கன்றின் நீர்ப்பாயத்துக்கு மாற்றாகக் காளான் சாறுகளையும் சோதித்தது குறிப்பிடத்தக்கது. 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 5ஆந் திகதி, மாஸ்திரிக்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மார்க் போஸ்ட், கலங்களினின்று வளர்த்த மாட்டிறைச்சியை இலண்டனிலே பலர் முன்னிலையில் சமைப்பித்தார். ஏறத்தாழ 20,000 தசை நார்கள் சேர்ந்த அவ்வொரு துண்டுக்குச் சென்ற செலவு 250,000 யூரோ. அதனை வளர்த்த ஊடகத்திலும் கன்றின் நீர்ப்பாயம் இருந்தது. இம்முரண்பாட்டைப் போஸ்ட் மறுக்கவில்லை, நீக்கவேண்டியதென்றே கூறினார்.

2020 மார்கழியிலே சிங்கப்பூர் அரசு உலகில் முதன்முறையாக இவ்வகைக் கோழியிறைச்சியின் விற்பனைக்கு இசைந்தது. அதன் ஆக்கத்திலும் தொடக்கத்திலே சிறிதளவு நீர்ப்பாயம் பயன்பட்டது. நீர்ப்பாயமற்ற முறைக்கு 2023 தை மாதத்திலே அங்கு அனுமதி கிடைத்தது.

மாட்டுத் தசையின் மூலக் கலங்களுக்கு நீர்ப்பாயமின்றி ஊட்டுதல் எவ்வாறு என்பதற்கு 2022இலே இரு விடைகள் வெளிவந்தன. அமெரிக்காவின் டவ்ட்ஸ் பல்கலைக்கழகத்தார், மனித மூலக்கலங்களுக்கு ஆக்கப்பட்ட எட்டுக் கூறுகளையுடைய ஊடகமொன்றை எடுத்து, நுண்ணுயிர் முறையில் ஆக்கிய அல்புமினை ஒன்பதாவதாகச் சேர்த்தனர். கலங்கள் சராசரி 39 மணிக்கொருமுறை இரட்டித்தன. அல்புமினைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் கலங்கள் பாத்திரத்தின் அடியிலே நன்கு ஒட்டுவதில்லை. மறுநாள் சேர்த்தல் வேண்டும். இத்தகைய சிறு நுட்பங்களிலேயே வெற்றி தங்கியிருந்தது. விலைமிக்க அல்புமினுக்கு மாற்றாகக் கடுகின் இனமாகிய றேப் விதையின் புரதத்தைப் பயன்படுத்தலாம் என அவர்களே 2023இல் காட்டினர்.

மற்ற விடை ஒல்லாந்தினின்று வந்தது. பெருகிய கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து தசை நாராதல் வேண்டும். நீர்ப்பாயத்தைத் திடீரெனக் குறைத்துப் பட்டினியிடுதலே அவற்றை இணையத் தூண்டும் பழைய முறை. நீர்ப்பாயமே இல்லாத ஊடகத்தில் எதனைக் குறைப்பது? பட்டினியின்போது கலங்களின் மேற்பரப்பிலே எவ்வெவ் வாங்கிகள் மிகுகின்றன என அவர்கள் ஆராய்ந்து, அவ்வாங்கிகளுக்குரிய பொருள்களை நேரே கொடுத்து அதே விளைவைப் பெற்றனர். இது சாட்டோவின் வினாவை மீண்டும் கேட்டுப் பெற்ற விடையேயாகும்.

எஞ்சிய இடர் விலை. இவ்வூடகங்களில் உப்பும் குளுக்கோசும் மலிவானவை. மிகச் சிறிதளவே வேண்டிய வளர்ச்சிக் காரணிகளே செலவின் பெரும்பகுதியை விழுங்குகின்றன. அவற்றுள் ஒன்று உடல் வெப்பத்திலே சில மணிகளில் வலுவிழப்பது. செக் நாட்டின் பேர்ணோ நகரத்து அறிஞர் 2018இலே அப்புரதத்தின் ஒன்பது அமினோ அமிலங்களை மாற்றி, பல நாள் நிலைக்கும்படி செய்தனர். மருந்துக்குரிய விலையை உணவுக்குரிய விலையாக்க இத்தகைய முயற்சிகள் பல வேண்டும். சட்டத்திலும் நாடுகள் ஒருமனப்படவில்லை. 2023இலே அமெரிக்கா ஆனி மாதத்தில் விற்பனைக்கு இசைய, இத்தாலி கார்த்திகையில் அதனைத் தடைசெய்து சட்டம் இயற்றியது.

முடிவுரை

கொல்லாமையைப் போற்றும் மரபினர், வளர்த்த இறைச்சியை உண்ணலாமா என வினவுவது இயல்பு. அதற்கு விடை கூறுவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயினும், அவ்வினாவை எழுப்புவோர் முதலிலே கேட்கவேண்டியது, இது எவ்வூடகத்தில் வளர்ந்தது என்பதே. கலம் விலங்குக்கு ஊறின்றிப் பெறப்பட்டிருப்பினும், அதன் ஊட்டம் கன்றின் குருதியாயின் கொலை நீங்கியதாகாது, இடம் மாறியதாகும்.

சாட்டோவின் பிற்கால வாழ்வு இவ்வரலாற்றுக்குத் தக்க முடிவாகின்றது. அவர் செங்கடலோரத்து எரித்திரியா நாட்டுக்குச் சென்று, வறிய மக்களின் பசி தீர்க்கும் பணியில் ஈடுபட்டார். அக்கரையிலே, மழைவெள்ளம் கடலிற் கலக்கும் இடங்களில் மட்டுமே கண்டல் மரங்கள் நின்றன. நன்னீர் கிடைப்பதே இதற்குக் காரணமெனக் கொள்ளல் எளிது. வெள்ளம் நன்னீரோடு வேறு எதனைக் கொண்டுவருகின்றது எனச் சாட்டோ வினவினார். நைதரசன், பொசுபரசு, இரும்பு ஆகிய மூன்றும் கடல்நீரிலே போதா எனக் கண்டு, அவற்றை நாற்றுக்களின் அடியிலே சிறுகச் சிறுகக் கசியும்படி இட்டார். கண்டல் இல்லாத கரைகளிலும் கண்டல் வளர்ந்தது. அதன் இலை ஆடுகளுக்கு உணவாயிற்று. அம்முயற்சிக்குத் தாம் இளமையில் அடைபட்ட மன்சனார் முகாமின் பெயரையே அவர் சூட்டினார். 2017இல் அவர் மறைந்தார்.

குடுவையிலே கலத்துக்கு ஊட்டியபோதும் கடற்கரையிலே கண்டலை நட்டபோதும் அவர் கேட்ட வினா ஒன்றே: இதனை வாழ்விப்பது எது? அதற்கு விடை தெரியாதவரை, கலம் வளர்ப்போர் கன்றின் குருதியை நம்பியிருக்க வேண்டியதாயிற்று. விடை தெரியத் தெரிய அத்தேவை குறைந்து வந்தது. இதன் எஞ்சிய பகுதியை நிறைவேற்றும் பொறுப்பு இனி வரும் மாணவருடையது.